ஏழாம் நம்பர் மெஷினை எதுவரை நம்பலாம்?

டெஸ்ட் லேப் (மென்பொருளைச் சோதிக்கும் சர்வர்கள் நிற்கும் இடம்) வைத்திருக்கும் எந்த மென்பொருள் குழுவிலும் ஓர் 'ஏழாம் நம்பர் மெஷின்' இருக்கும். எண் மாறலாம், கதை மாறாது. இரவு ஓடிய சோதனைகளில் ஒன்று தோற்று, சிவப்பாக நிற்கிறது. காலையில் வந்தவர், அது எந்த மெஷினில் ஓடியது என்று பார்க்கிறார். "ஓ, ஏழா? திரும்ப ஓட்டுங்க, சரியாயிடும்." திரும்ப ஓட்டினால் அது வேறொரு மெஷினில் போய் விழுந்து பச்சையாகிவிடுகிறது. யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. மூன்று மாதம் கழித்து அதே மெஷின் ஓர் உண்மையான பிழையைச் சிவப்பாகக் காட்டியபோதும் அதே பதில்தான் வந்தது. பிழை நேராக வாடிக்கையாளர் கைக்குப் போனது. நான் இருந்த ஒரு குழுவில் நடந்தது இது. "திரும்ப ஓட்டுங்க" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ப்ரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் இடத்தில்) ஒரு சர்வர் செத்தால் பக்கத்து சர்வர் சுமையை எடுத்துக்கொள்ளும்; யாராவது நடுராத்திரியில் எழுந்து பார்ப்பார்கள். டெஸ்ட் லேப் சர்வரிடம் நாம் கேட்பது சாட்சி. 'இந்த மென்பொருள் சரி', 'சரியில்லை' என்ற இரண்டில் ஒன்றை அது சொல்ல வேண்டும். வயதான சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை, படுத்தது கண்ணுக்குத் தெரியும். சாகாமல் உளற ஆரம்பிக்கும் காலம்தான் ஆபத்து. லேபில் பழைய சர்வரைப் பராமரிப்பதும் அதற்கு ஓய்வு கொடுப்பதும் பெரும்பாலும் இந்த உளறல் காலத்தைக் கண்டுபிடிக்கும் வேலைதான்.

பல லேப்களுக்குப் புது சர்வர் வருவதே இல்லை. ப்ரொடக்‌ஷனில் நான்கைந்து வருடம் ஓடி, வாரன்டி முடிந்து, கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யமானதும் 'லேபுக்குத் தள்ளிவிடலாம்' என்று வருபவைதான் அதிகம். மற்றவர்கள் முடிக்கும் இடத்தில் நாம் தொடங்குகிறோம். எவ்வளவு காலம் ஓட்டலாம் என்று கேட்டால் பெரிய நிறுவனங்களைக் காட்டுவார்கள்: மைக்ரோசாஃப்ட் 2022-இல் தன் சர்வர்களின் பயன்பாட்டுக் காலத்தை நான்கு வருடத்திலிருந்து ஆறாக உயர்த்தியது, கூகுள் 2023-இல் ஆறுக்கு வந்தது, அமேசான் 2024-இல். மறு வருடமே அமேசான் ஒரு பகுதி சர்வர்களுக்கு அதை ஐந்தாகக் குறைத்து, செயற்கை நுண்ணறிவுத் துறையின் வேகத்தைக் காரணம் காட்டியது. இவையெல்லாம் தேய்மானக் கணக்குக்கான எண்கள். ஒரே மாதிரி சர்வரை லட்சக்கணக்கில் வைத்து, ஒன்று கெட்டால் தானாக ஒதுக்கிவிடும் ஏற்பாடு உள்ளவர்கள் சொல்லும் ஆறு வருடமும், ஆறு விதமான பத்து மெஷின் வைத்திருக்கும் லேப் சொல்லும் ஆறு வருடமும் ஒன்றாகாது.

எது முதலில் தேயும்

சுழலும் பாகங்கள் முதலில் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஃபேனின் பேரிங் தேய்ந்தால் சத்தம் போட்டே சொல்லிவிடும். பவர் சப்ளை இரண்டு இருந்தால் ஒன்று போனாலும் மெஷின் ஓடும், மாற்றுவதும் எளிது. அதனுள்ளும் மதர்போர்டிலும் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் மெதுவாக உலர்கின்றன. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுவியலில் பழகிய கணக்கு. ஆகவே ரேக்கின் மேல் தட்டில், சூடு தங்கும் இடத்தில், மிகப் பழைய மெஷினை வைப்பது நாமே அதன் நாளைக் குறைப்பதாகும்.

யாரும் கண்டுகொள்ளாதவை பேட்டரிகள். மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி, சிஆர்2032, 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சர்வர் மின்சாரத்தில் இருக்கும்வரை அது செத்ததே தெரியாது. ஒருநாள் ரேக்கின் மின்சாரம் போய் வரும்; மெஷினின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் எந்தப் பாதுகாப்புச் சான்றிதழும் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கியிருக்காது. எனவே சோதனைக்கான கோப்புகளை இறக்கும் இணைப்புகள் எல்லாம் மறுக்கப்படும். லாகில் தெரிவது நெட்வொர்க் பிழை. நெட்வொர்க் ஆட்கள் ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கன்ட்ரோலரின் பேட்டரி இன்னும் நுட்பமாக ஏமாற்றும். எழுத வேண்டிய தரவைக் கன்ட்ரோலர் தன் மெமரியில் வாங்கிக்கொண்டு உடனே 'எழுதியாயிற்று' என்று சொல்வதற்குத் தைரியம் கொடுப்பது அந்த பேட்டரிதான். மின்சாரம் போனாலும் மெமரியில் இருப்பதை அது காப்பாற்றும். பேட்டரி பலம் இழந்தால் கன்ட்ரோலர் பெரும்பாலும் நியாயமாகவே நடந்துகொள்ளும்: டிஸ்கில் உண்மையாக எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும். எதுவும் கெடவில்லை, எல்லாம் மெதுவாகிவிட்டது. வேகச் சோதனை ஓட்டும் மெஷினில் இது நடந்தால், நேற்று கோட் சேர்த்தவர் மேல் பழி விழும். அவர் தன் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்வாங்கி இரண்டு நாள் தேடுவார். வேகச் சோதனை தரும் அறிக்கையிலேயே கன்ட்ரோலர் எந்த முறையில் எழுதுகிறது என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அந்த இரண்டு நாள் மிச்சம்.

டிஸ்க் பற்றி 2007-இல் ஒரே மாநாட்டில் வந்த இரண்டு ஆய்வுகள் இன்றும் படிக்கத் தக்கவை. ஆய்வாளர்கள் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் பல பெரிய கணினி மையங்களின் பதிவுகளைத் தொகுத்தார்கள். தயாரிப்பாளர் தாளின்படி வருடத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீத டிஸ்க்குகள் கெட வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சாதாரணம், சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. 'ஆரம்பத்தில் கொஞ்சம் சாகும், பிறகு பல வருடம் நிம்மதி, கடைசியில் மொத்தமாகச் சாகும்' என்ற பாடப்புத்தக வளைவும் அங்கே தெரியவில்லை. வயதோடு சேர்ந்து சாவு விகிதமும் சீராக ஏறியது. கூகுளின் ஆய்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தது. டிஸ்க் தன்னைத் தானே பரிசோதிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை தென்பட்டால், அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு மற்ற டிஸ்க்குகளைவிட 39 மடங்கு. ஆனால் செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தன. எச்சரிக்கை வந்தால் உடனே மாற்றுங்கள். வரவில்லை என்பதை நம்பித் தூங்காதீர்கள்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது ஒன்றுமில்லை, அதற்கு வயதே ஆகாது என்று நினைப்பவர்களுக்கு 2019 நவம்பரில் சர்வர் தயாரிப்பாளர் ஹெச்பிஇ வெளியிட்ட அறிவிப்பு ஒன்று உண்டு. அவர்களுடைய சில மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், தரவோடு சேர்ந்து செத்துவிடும் என்பதே செய்தி. இரண்டின் பதினைந்தாவது அடுக்கு 32,768. எண்ணி எண்ணி ஒரு கணக்குப் பெட்டி நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ஃபர்ம்வேரை, அதாவது டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பித்தால் தீர்ந்தது. ஆனால் லேப் மெஷினின் ஃபர்ம்வேரை யார் புதுப்பிக்கிறார்கள்? ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் என்றால் எல்லாம் ஒரே நாளில் போகும்; ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும் என்று ரெய்டு கொடுத்த வாக்குறுதிக்கு அங்கே அர்த்தமில்லை.

உளறலைக் கண்டுபிடிப்பது

மேலே சொன்னவை எல்லாம் தேடினால் கிடைக்கும் கோளாறுகள். மெமரியும் ப்ராசஸரும் வேறு ரகம்.

கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, மெமரி குச்சிகளில் 8 சதவீதத்துக்கும் மேல் ஒரு வருடத்தில் ஏதாவது பிழையைச் சந்திப்பதாகக் கண்டது. சர்வர் மெமரியில் பிழை திருத்தும் வசதி இருக்கிறது, ஒற்றை பிட் புரண்டால் தானே சரிசெய்துகொள்ளும். அதனால் பலர் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. தரவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் திருத்தம் நடந்ததைப் பதிவு செய்ய ஃபர்ம்வேர் குறுக்கே வந்து, ப்ராசஸரைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் சர்வர்கள் உண்டு. திருத்தங்கள் கொத்தாக வந்தால் நிறுத்தங்களும் கொத்தாக வரும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கே அந்த நேரம் எங்கே போனது என்று தெரியாது. 'இத்தனை மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும்' என்று எதிர்பார்க்கும் சோதனை அப்போது தோற்கும். மறுமுறை ஜெயிக்கும். எங்கள் ஏழாம் நம்பருக்கு இதுதான் வியாதி என்று பின்னால் தெரிந்தது. இரண்டு வருடப் பதிவு மெஷினின் உள்ளேயே இருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை.

ப்ராசஸர் கணக்கையே தப்பாகப் போடும் என்றால் பலர் நம்புவதில்லை. 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் வருகிறது. 1.1-ஐ 53-ஆவது அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும். ஒரு சர்வரின் ஒரு குறிப்பிட்ட கோர் (ப்ராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) மட்டும் 0 என்றது. கோப்பின் அளவு பூஜ்யம் என்று விடை வந்ததால் கோப்புகள் காணாமல் போயின. எந்த எச்சரிக்கையும் இல்லை. அதே வருடம் கூகுள் ஆய்வாளர்கள், சில ஆயிரம் மெஷினுக்குச் சில கோர்கள் இப்படி இருப்பதாகவும், சில கோர்கள் நெடுநாள் ஓடிய பிறகே இப்படி மாறுவதாகவும் எழுதினார்கள். பத்து மெஷின் லேபில் இதைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும், 'மெஷின் எப்படித் தப்பாகச் சொல்லும்?' என்று கேட்பவரிடம் 156-ஐயும் 0-வையும் எழுதிக் காட்டுவது என் வழக்கம்.

சிக்கல் என்னவென்றால், மெஷினின் உளறலை மறைத்துக்கொள்ள சோதனைகளின் சொந்த உளறலே போதும். கூகுள் 2016-இல் சொன்ன கணக்குப்படி அவர்களுடைய சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்குக் கொஞ்சமாவது தடுமாற்றம் உண்டு, அதாவது கோட் மாறாமலே ஒருமுறை ஜெயித்து ஒருமுறை தோற்கும். பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியவற்றில் 84 சதவீதம் தடுமாறும் சோதனைகள் சம்பந்தப்பட்டவை. இந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு கெட்ட மெமரி குச்சி ஒளிந்துகொள்வது சுலபம்.

பிரித்தெடுக்க நான் பார்த்ததில் நல்ல வழி, நாடி பிடித்துப் பார்ப்பது. பழைய மென்பொருள் பதிப்பு ஒன்றையும், அதில் நூறு முறை ஓட்டினாலும் நூறு முறையும் ஜெயிக்கும் என்று தெரிந்த சோதனைத் தொகுப்பு ஒன்றையும் உறைய வைத்துவிடுங்கள். இரண்டையும் மாற்றவே கூடாது. வாரம் ஒருமுறை எல்லா மெஷினிலும் அதை ஓட்டுங்கள். கோட் மாறவில்லை, சோதனை மாறவில்லை. சிவப்பு வந்தால் மெஷின்தான் காரணம். அப்படி வந்த மெஷினை அன்றே வரிசையிலிருந்து ஒதுக்கிவிட வேண்டும், அணைக்கக் கூடாது. அணைத்தால் தடயம் போய்விடும். ஒவ்வொரு முடிவோடும் மெஷின் பெயரைப் பதிவதும் இதோடு சேர்ந்தது. 'ஏழா?' என்று ஞாபகத்தில் வைத்துக் கேட்பதற்குப் பதில் எண்ணிக்கையாகப் பார்க்கலாம்.

மெஷின் நிற்கிறது, உலகம் போய்விடுகிறது

இரும்பு நன்றாக இருக்கும்போதே மென்பொருள் அதைக் கைவிடுவதும் உண்டு. 2022-இல் வந்த ரெட்ஹாட் லினக்ஸ் 9, எக்ஸ்86-64 என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பின் இரண்டாம் நிலையைக் கேட்டது. 2025-இல் வந்த 10-ஆம் பதிப்பு மூன்றாம் நிலையைக் கேட்கிறது. அதற்கு ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் வேண்டும், இன்டெலில் அவை 2013-இன் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தவை. அதற்கு முந்தைய தலைமுறை இன்டெல் ஜியான் ப்ராசஸர் உள்ள சர்வர் நோயின்றி ஓடிக்கொண்டிருக்கலாம், புதுப் பதிப்பு அதில் ஏறாது. அதற்கு முன்பே 8-ஆம் பதிப்பில் பழைய ரெய்டு கன்ட்ரோலர்கள் சிலவற்றின் டிரைவர்கள் நீக்கப்பட்டன. நிறுவும்போது டிஸ்கே கண்ணுக்குத் தெரியாது. 2018-இல் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது, பழைய ப்ராசஸர்கள் சிலவற்றுக்குத் திருத்தம் தரப்போவதில்லை என்று இன்டெல் வெளிப்படையாகவே சொன்னது.

தொலைவிலிருந்து இயக்க உதவும் மேலாண்மைச் சில்லின் நிலைமை பரிதாபம். அதன் திரையைப் பார்க்கப் பழைய ஜாவா வேண்டும். அதன் வலைப்பக்கம் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய இணைப்புப் பாதுகாப்பு முறையைப் பேசும், அதைப் பெரிய உலாவிகள் 2020-இலேயே ஒதுக்கிவிட்டன. எனவே பழைய சர்வரைப் பராமரிக்கவென்று ஒரு மெய்நிகர் மெஷினில் பழைய உலாவியைப் பாடம் செய்து வைத்திருப்போம். அதைவிட முக்கியமாக, அந்தச் சில்லோடு பேசும் ஐபிஎம்ஐ 2.0 முறையிலேயே ஒரு குறை: கேட்பவர் யார் என்று உறுதி செய்யும் முன்பே கடவுச்சொல்லின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) கொடுத்துவிடும். 2013-இல் வெளியான இந்தக் குறை நெறிமுறையின் வடிவத்திலேயே இருப்பதால் ஃபர்ம்வேர் புதுப்பித்தாலும் போகாது. அந்தச் சில்லுகளைத் தனி நெட்வொர்க்கில் அடைத்து வைப்பது கட்டாயம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் வைத்திருப்பது ஏன்? வாடிக்கையாளர் அதே பழைய மெஷினில் நம் மென்பொருளை ஓட்டுகிறார் என்றால் அதற்கு மாற்றே கிடையாது. சோதிக்க ஆளும் மெஷினும் இல்லாத கட்டமைப்பு ஆதரவை இழப்பது இயல்பு: இட்டானியம் ப்ராசஸரின் கடைசிச் சரக்கை இன்டெல் 2021 ஜூலையில் அனுப்பியது, 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7-இல் அதற்கான நிரல் பகுதியே நீக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே ஒரே ஒரு வாக்கியம் எழுதி வைக்கச் சொல்வேன்: இது எதற்காக இருக்கிறது? 'இந்தக் கன்ட்ரோலர் வேறெங்கும் இல்லை' என்பது காரணம். 'ஓடிக்கொண்டிருக்கிறது, விட்டுவைத்தோம்' என்பது காரணமாகாது. சும்மா எண்ணிக்கைக்காக நிற்கும் 300 வாட் மெஷின் வருடத்துக்கு 2,628 யூனிட் மின்சாரம் தின்கிறது, குளிரூட்டும் செலவு தனி. சும்மா இருக்கும் சர்வர்கூட உச்ச மின்சாரத்தில் பாதியை எடுத்துக்கொள்கிறது என்று கூகுளின் பாரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007-இல் எழுதினார்கள். பழைய மெஷின்கள் அந்தக் காலத்துக் குணத்தோடுதான் இருக்கின்றன.

வழியனுப்புவது

வேகச் சோதனை மெஷினை ஓய்வுக்கு அனுப்புவதுதான் கடினம். பல வருட வரைபடம் அதன்மேல் நிற்கிறது. புது மெஷினை மாட்டிய அன்றே கோடு மேலே குதிக்கும். அதற்குக் காரணம் கோட் மாற்றமா, மெஷினா என்று யாராலும் சொல்ல முடியாது. பழையதும் புதியதும் சில வாரம் இணையாக ஓட வேண்டும், ஒரே கோட், ஒரே நேரம். அந்த வாரங்களில் வந்த நல்ல மாற்றத்தையும் கெட்ட மாற்றத்தையும் இரண்டும் ஒரே மாதிரி காட்டினால் வரைபடத்தைப் புதிதாகத் தொடங்கலாம். பழைய எண்ணை ஏதோ ஒரு கணக்கால் பெருக்கிப் புதியதோடு ஒட்டவைக்கும் ஆசை வரும். வேண்டாம்; ப்ராசஸர் மாறினால் எல்லா வேலையும் ஒரே விகிதத்தில் வேகமாவதில்லை.

மற்ற மெஷின்களுக்கு, 'என் வேலை நின்றுவிட்டதே' என்று யாரிடமிருந்தாவது கத்தல் வருகிறதா என்று பார்ப்பதே போதும். நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மெஷினை ஓட விடுங்கள். இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாத இறுதியையும் தாண்டி. லேப் என்றாலே இரவல் இடம். யாரோ எப்போதோ அதில் ஒரு லைசன்ஸ் சர்வரையோ அறிக்கை அனுப்பும் சின்ன ஸ்கிரிப்டையோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கத்தல் வந்தால் கேபிளை மாட்ட ஒரு நிமிடம். முதலிலேயே அணைத்திருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை: வருடக்கணக்கில் நிற்காமல் சுழன்ற டிஸ்க் ஒருமுறை நின்று குளிர்ந்தால் மறுபடி சுழலாமல் போவதுண்டு. அணைக்கும் முன் தேவையானதைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை அழிப்பதில் லேப்கள் அசட்டை காட்டுவது, 'சோதனைத் தரவுதானே' என்ற நினைப்பில். அந்தச் சோதனைத் தரவு பல இடங்களில் வாடிக்கையாளர் தரவின் பிரதி. ஆய்வாளர்கள் கார்ஃபிங்கலும் ஷேலட்டும் பழைய டிஸ்க் 158 வாங்கிப் பார்த்து 2003-இல் எழுதினார்கள். ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. 2022-இல் மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது, அனுபவமில்லாத ஒரு சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் டிஸ்க் அகற்றும் வேலையைக் கொடுத்ததால். சில கருவிகள் தரவோடு ஏலத்துக்கே போயிருந்தன. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்டின் 800-88 வழிகாட்டி மூன்று படிகள் சொல்கிறது: மேலெழுதித் துடைப்பது, ஆய்வகத்தில்கூட மீட்க முடியாதபடி நீக்குவது, பொருளையே அழிப்பது. சுழலும் டிஸ்க்குக்கு ஒருமுறை முழுக்க மேலெழுதினால் பொதுவாகப் போதும். எஸ்.எஸ்.டி.க்கு அது போதாது, உள்ளே ஒதுக்கி வைத்த இடங்களை மேலெழுத்து தொடுவதில்லை. டிரைவின் சொந்த அழிப்புக் கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையே சில டிரைவ்களில் வேலை செய்யாததை 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது, எனவே அழித்தபின் படித்துப் பார்க்கவும். மதர்போர்டில் குத்தியிருக்கும் எஸ்.டி. கார்டு, மேலாண்மைச் சில்லில் இருக்கும் கடவுச்சொற்கள், இவற்றை மறந்துவிடுவது சகஜம்.

பிறகு, யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். வைத்தே தீர வேண்டிய மாடலில் ஒன்று செத்தால் அது மற்றவற்றுக்கு உதிரிபாகக் கிடங்கு. பவர் சப்ளை, ஃபேன், டிஸ்க் மாட்டும் தட்டு, கன்ட்ரோலர், இவற்றைக் கழற்றி, எந்த மாடலுக்கு, எந்தத் தேதியில் கழற்றியது என்று சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பாகத்தை மட்டும் ஒருபோதும் கிடங்கில் வைக்காதீர்கள். அது எப்படியாவது இன்னொரு மெஷினுக்குள் போய்விடும். மிச்சம் முறையான மறுசுழற்சியாளருக்கு. உலகில் 2022-இல் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

எங்கள் ஏழாம் நம்பரின் இரண்டு பவர் சப்ளைகளும் இப்போது ஒன்பதாம் நம்பரில் ஓடுகின்றன. மெமரி குச்சிகள் எட்டையும் சேர்த்தே ஒழித்தோம், எது கெட்டது என்று தெரிந்திருந்தும். ரேக்கில் அதன் இடத்தில் புது மெஷின் வந்தபோது அதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். பதினாலு என்று வைத்தோம். ஏழு என்று வைத்தால் முதல் சிவப்பிலேயே யாராவது "திரும்ப ஓட்டுங்க" என்பார்கள்.